லென்ஸ் சீட்டின் பின்பக்கம் எழுதிய ஜெபம்

எந்த ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கிறீர்களோ, பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறீர்களோ, உங்கள் எல்லோருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். என் பெயர் எபநேசர். எபி என்று கூப்பிடுவார்கள். வீடு திண்டிவனம். வேலை விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில். பவர் கண்ணாடிக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. வயது முப்பத்தொன்று. நான் கே. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்குப் பதினாறு வருஷம் ஆனது. இப்போது பாருங்கள், எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

நம் ஞாயிறு மாலைக் குழுவின் மடலுக்கு ஒரு சாட்சி எழுதித் தரச் சொல்லி, குழுவை நடத்தும் அண்ணன் கேட்டார். ரெண்டு பக்கம் போதும்டா என்றார். என்னைத் தெரிந்தும் அப்படிச் சொன்னார் என்றால் அவர் பொறுமையை என்ன சொல்வது! சரி, துக்கத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சந்தோஷத்துக்கு நிறைய இடம் வேண்டும்.

எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று பதினைந்து வயதில் எனக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் வாயில் ஒரே ஜெபம்: ஆண்டவரே, என்னை மாற்றும். காலையில் அதுதான், மாலையில் அதுதான். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் நாற்பதும் ஒரு வேளை கேப்பைக் கூழ் மட்டும் குடித்து ஜெபித்தேன். என் பேண்ட்டு லூசானது. வேறு எதுவும் மாறவில்லை. இன்னொரு தடவை வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரரிடம் போய், எனக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, அதை விடமுடியவில்லை என்று சொன்னேன். என்ன பழக்கம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அரை பாட்டில் எண்ணெயை என் தலையில் கவிழ்த்து, குடியின் ஆவியே வெளியே போ என்று ஒரு சத்தம் போட்டார். எனக்கு பீர் வாசனைகூடத் தெரியாது! இன்றைக்கு நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எண்ணெய் வழிய பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

போன வருஷம் அக்டோபரில் நான் முழுதாக ஓய்ந்துபோனேன். ஆராதனையில் பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். ஒரு நாள் முண்டியம்பாக்கத்தில் ரயில் சிக்னலுக்கு நின்றது. கதவோரம் நின்றிருந்தேன். நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படி ஒரு நினைப்பு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து தனியாக உட்காராதீர்கள். அந்த நிமிஷமே யாரையாவது கூப்பிடுங்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அதில் சீட்டு ஜெபம் என்று ஒன்று உண்டு. பாஸ்டரம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னை நடுவில் வைப்பார். அவரவர் பாரத்தைப் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். யாருடையது என்று தெரியாமலே ஒரு மாதம் அதற்காக ஜெபிக்க வேண்டும். அடுத்த முதல் வெள்ளியன்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் பாஸ்டரம்மா கிழித்துவிடுவார். அதுவரை நான் எழுதியதெல்லாம் வேலைக்காக, அம்மாவின் சுகருக்காக. அந்த நவம்பர் வெள்ளி மட்டும் என்ன தோன்றியதோ, சட்டைப் பையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து அவசரமாக எழுதினேன். "தனியாக இருக்கிறேன் ஆண்டவரே. தாங்க முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டும்." மடித்து டின்னில் போட்டுவிட்டு, கை கழுவுகிற மாதிரி அதை மறந்தும்விட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை! காலை பாசஞ்சரில் வழக்கம்போல ஜன்னலோரம். போனில் ஒரு ஆராதனைப் பாட்டு முடிந்தது. பாட்டுக்குப் பிறகு அடுத்தது எதையோ அதுவாகவே போட்டுக்கொள்ளுமே, அப்படி ஒன்று ஓட ஆரம்பித்தது. மயிலம் தாண்டியிருப்போம். ஒரு ஆண் குரல். நம் பக்கத்துப் பேச்சு.

"வணக்கம் மக்களே, இது வாசல் செருப்பு. சர்ச்சுக்குள்ள போவ சொல்ல செருப்ப மட்டும் வெளிய வுடுங்க. உங்கள வுட்டுட்டுப் போவாதீங்க. நான் உங்க அண்ணன். நான் ஒரு கே. நான் ஒரு விசுவாசி. ரெண்டும் நான்தான்."

என் காதை நானே நம்பவில்லை. பத்து செகண்ட் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டேன். ரெண்டும் நான்தான். மறுபடியும் தள்ளினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, பையனுக்கு ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்! பேரணி ஸ்டேஷன் போனது, விக்கிரவாண்டி போனது, நான் எதையும் பார்க்கவில்லை. விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைப் பெருக்க வந்த அக்கா என் காலைத் துடைப்பத்தால் தட்டினார்.

"இன்னாப்பா, டிரெயினு யார்டுக்குப் போவுது. நீயும் போறியா? எறங்கு, எறங்கு."

இறங்கினேன். பிளாட்பாரத்தில் நடக்கும்போதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. வெள்ளி எழுதினேன், செவ்வாய் பதில். நாலே நாள்! பதினாறு வருஷம் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கதவை ஒரே ஒரு தடவை தட்டினேன், திறந்துவிட்டது.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே வையுங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, லென்ஸ் தேய்க்கும் மெஷின் சத்தத்தில் ஒன்று. வாசல் செருப்பு என்ற அந்தப் பேச்சு நிகழ்ச்சியில் அதுவரை வந்திருந்த அத்தனையையும் பதினெட்டு நாளில் முடித்தேன். அண்ணன் கடலூரில் பிறந்து, இப்போது எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கிறார். அவர் பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்கும். அந்த விசிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒளிந்து வாழ்கிறவன் வீட்டிலும் பருப்பு வேகிறதே!

அவர் ஒரு நாள் இன்னொரு ஆளைச் சொன்னார். ரிட்டயர் ஆன ஒரு வெள்ளைக்காரப் போதகர், ஆங்கிலத்தில் வேதப்பாடம் எடுக்கிறவர். என் ஆங்கிலம் லென்ஸ் பவரைத் தாண்டாது. ஆனால் வேகத்தைக் குறைக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது தெரியுமா? முக்கால் வேகத்தில் வைத்தால் பெரியவர் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வார்த்தை தப்பாது. என்னைப் போன்றவர்களால் அழிந்த ஊர் என்று பிரசங்கத்தில் சோதோமின் பெயர் வந்தாலே தலையைக் குனிந்துகொண்டவன் நான். அந்த ஊரார் செய்த பாவம், ஊருக்கு வந்தவர்களை வதைத்ததும் எளியவர்களைக் கைவிட்டதும்தான் என்று அவர் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். அன்றைக்கு ஒரு லென்ஸின் கோணத்தை, அதாவது ஆக்சிஸை, தொண்ணூறுக்குப் பதில் நூற்றெண்பது வைத்துத் தேய்த்துவிட்டேன். லென்ஸ் பாழ். எங்கள் முதலாளி கோட்டக்குப்பத்து பாய். கோபம் வந்தாலும் கிண்டலாகத்தான் வரும்.

"இன்னா எபி, எந்நேரமும் காதுல யாரு? பொண்ணா?"

"போதகருங்க பாய்."

"போதகரு பேசினா இப்டி இளிச்சிக்கினு கேப்பாங்களா? எங்க பள்ளிவாசல்ல ஒருத்தனும் இப்டி கேக்க மாட்டேன்றானே!"

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் பொக்கிஷம். ரோசி அம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முகம் காட்டமாட்டார். வீடியோவில் அடுப்பு, சட்டி, ரெண்டு கை, அவ்வளவுதான். குழம்பு வைத்துக்கொண்டே தன் மகனைப் பற்றிப் பேசுவார். அவன் நம்மைப் போன்றவன். கடைசியில் குழம்பை இறக்கிவைத்து ஒரு ஜெபம் செய்வார். அண்ணன் போனில் நடத்தும் நம் ஞாயிறு மாலை ஜெப அறையும் அப்போதுதான் கிடைத்தது. எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு வருவோம், போட்டோவுக்குப் பதில் ஆளுக்கு ஒரு படம். நான் ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தேன். ஆனால் மைக்கைத் திறக்கத் தைரியம் வரவில்லை. எட்டு வாரம் வெறும் மூக்குக்கண்ணாடியாகவே உட்கார்ந்திருந்தேன்!

இப்படி மிதந்துகொண்டிருந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா தையல் மெஷினை நம்பித்தான் என்னை வளர்த்தார். எனக்குக் கல்யாணம் என்று அதுவரை அவசரப்பட்டதில்லை. நவம்பரிலிருந்து திடீரென்று பெண் தேட ஆரம்பித்தார். ஜனவரியில் முடிவே செய்துவிட்டார். செஞ்சிப் பக்கம் வல்லத்தில் ஒரு குடும்பம். பெண் டீச்சர். போட்டோவில் நல்ல சிரிப்பு. லெந்து தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூ வைத்துவிட்டு வருவது என்று பேச்சு. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும்.

பூ வைக்க ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை திரும்பி வரும் ரயிலில் வாசல் செருப்பில் புதிதாக வந்ததைக் கேட்டேன். அன்றைக்குக் குக்கர் விசில் இல்லை. அண்ணன் குரலும் வேறு மாதிரி இருந்தது. அவருக்கு ஊரில் ஒரு கல்யாணம் நடந்ததாம். ஆறு வருஷம்.

"எனக்குப் பயம், அதனால அந்தப் பொண்ணு தலையில என் பாரத்த இறக்கி வச்சேன். அது இன்னா தப்பு பண்ணிச்சி? தங்கிட்டதான் ஏதோ கொறைன்னு ஆறு வருஷம் அழுதுது. நான் இன்னும் அதுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினுதான் கீறேன்."

வல்லத்துப் பெண்ணின் சிரிப்பு என் கண்முன் வந்து நின்றது. அதுவரை நான் என்னைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு மாலை, முதல் தடவையாக மைக்கைத் திறந்தேன். "நான் எபி. அடுத்த ஞாயிறு எனக்குப் பூ வைக்கப் போகிறார்கள். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வேண்டும்." சொல்லிவிட்டு மைக்கை மூடினேன். அன்றைக்கு இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முகம் தெரியாத பதினொரு பேர், ஒருவர் மாற்றி ஒருவர் எனக்காக ஜெபித்தீர்கள். பெயர் சொல்லி ஜெபித்தீர்கள். என்னை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை. என்னோடு கூடவே இருக்கும்படி கேட்டீர்கள். அந்த வித்தியாசத்தை என் காதால் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். மதியம் அம்மா மெஷினில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கூடையில் பூ வைக்க எடுத்துப்போக வேண்டிய தட்டுகள் தயாராக இருந்தன. நான் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பொண்ணு வேணாம்மா."

"ஏன்டா? நல்லாத்தானே கீது?"

"நல்ல பொண்ணு. நான்தான் அதுக்கு ஆவமாட்டேன். எந்தப் பொண்ணுக்கும் ஆவமாட்டேன். எனக்குப் பசங்களத்தான் புடிக்கும். சின்ன வயசுலேர்ந்தே. மாத்திக்கப் பாத்தேன். எத்தினியோ உபவாசம் இருந்தேன். மாறலம்மா."

மெஷின் நின்றது. அம்மா அந்த ஜாக்கெட்டின் கையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. தன் வேதப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

நீல நிறக் காகிதம். எங்கள் கடையின் பெயர். வலது கண் மைனஸ் ரெண்டே கால், இடது கண் மைனஸ் ரெண்டு. திருப்பினேன். என் கையெழுத்து. தனியாக இருக்கிறேன் ஆண்டவரே.

பெயர் போடாமல் எழுத வேண்டிய சீட்டை, கடைப்பெயர் அச்சடித்த ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன்! திண்டிவனத்திலிருந்து அந்தக் கடைக்குப் போகிற விசுவாசி நான் ஒருவன்தான். இதைவிடப் பெயரையே எழுதியிருக்கலாம்.

"அன்னிக்கு டின்ல நான்தான் இத எடுத்தேன்," என்றார் அம்மா. "வூட்டுக்கு வந்து திருப்பிப் பாத்தா உங்க கடை பேரு. எம்புள்ள தனியா கீறானேன்னு எத்தினி நாளு அழுதேன் தெரியுமா? அதான் ஜல்தியா பொண்ணு பாத்தேன். பாஸ்டரம்மா திருப்பிக் கேக்க சொல்ல, தொலஞ்சிபோச்சின்னு பொய் சொல்லிட்டேன்டா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் கல்யாணத்தை ஆரம்பித்துவைத்ததே என் சீட்டுதான்! பொய்யே சொல்லாத என் அம்மா, நாலு மாதமாக என் கையெழுத்தை வேதத்துக்குள் வைத்துக்கொண்டு தினமும் அதற்காக ஜெபித்திருக்கிறார். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த டின்னில் அன்றைக்கு இருபதுக்கும் மேலான சீட்டுகள் இருந்தன.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு ஆளக் காட்டுன்னு கேட்டியே. காட்டினாரா, இல்லியா?"

"காட்டினாரும்மா. நாலாவது நாளே. டெய்லி என் காதுல பேசிக்கினுகீறாங்க."

ஒரு இயர்போனை அம்மாவின் காதில் வைத்தேன். இன்னொன்று என் காதில். ரோசி அம்மாவின் வீடியோவைப் போட்டேன். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "எம்மவன் சொன்ன அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை பாத்துக்கிடுங்க. அவனுக்குப் பத்து வருசமா எறங்கலைன்னு அப்பந்தான் தெரிஞ்சுது." அம்மா அசையவில்லை. இருபது நிமிஷம் முழுக்கப் பார்த்தார். ஜெபத்துக்கு ஆமென் சொன்னார். பிறகு இயர்போனைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"மீன் கொழம்புக்கு இன்னாத்துக்கு இவ்ளோ புளி ஊத்துறாங்க?"

அன்றைக்கே வல்லத்துக்குப் போன் போட்டது அம்மாதான். என்னைப் பேச விடவில்லை. "தப்பு எங்க மேலதாங்க. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லுங்க, நானும் அதத்தான் சொல்வேன்." எதிர்முனையில் திட்டினார்கள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, மன்னிச்சிக்கோங்க என்று வைத்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய்ச்சாட்சி ஆகிவிடுவேன். மூன்று நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தார். ஒரு மாதம் கண் வீங்கியே இருந்தது. சபையில் யாருக்கும் இன்னும் தெரியாது. பாஸ்டரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அதற்காக நீங்கள் ஜெபிக்க வேண்டும். ஆனால் ஆராதனையில் இப்போது சத்தமாகப் பாடுகிறேன். எவ்வளவு சத்தம் என்றால், கொஞ்சம் குறைத்துக்கொள் தம்பி என்று கீபோர்டு வாசிக்கிறவர் சொல்லிவிட்டார்!

போன மாதம் முதல் வெள்ளி. கூட்டத்துக்குக் கிளம்பும் முன் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். டின்னில் போடாமல் ஏன் என்னிடம் தருகிறார் என்று விளங்கவில்லை. ஜாக்கெட் அளவு குறிக்கிற காகிதம். உடம்பு முப்பத்தாறு, கை பத்து. திருப்பினேன். அம்மாவின் கோணல் எழுத்து. "தனியாக இருக்கிறேன் ஆண்டவரே. எனக்கும் என்னைப் போல ஒரு அம்மாவைக் காட்டும்."

"இத டின்ல போட்டா யாருன்னா எடுப்பாங்க," என்றார். "நீயே எடுத்துக்கோ."

நான் ஒரு மாதம் காத்திருக்கவில்லை, அன்றைக்கே ரோசி அம்மாவுக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. போன ஞாயிறு மாலை நம் அறைக்கு ஒரு தையல் மெஷின் படம் புதிதாக வந்ததே, யார் என்று கேட்டீர்களே, அது என் அம்மாதான். ரோசி அம்மாவும் அவரும் தனியாக ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே நின்றிருந்தேன். முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு புளியைப் பற்றிய சண்டை கேட்டது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சி, அண்ணே, அக்கா! உங்களுக்கு யாரும் இல்லை என்று நினைத்தால், கையில் கிடைக்கிற காகிதத்தில் கேளுங்கள். வார்த்தை சரியில்லை என்றாலும் பரவாயில்லை, பாதி சொன்னாலும் பரவாயில்லை. பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். நான் பார்த்திருந்தால் வேறு காகிதம் தேடியிருப்பேன். என் அம்மாவுக்கு அது நான் என்று தெரியாமலே போயிருக்கும்.